மடிக்கணினியின் வேகம்

மடிக்கணினி வாங்கக் கடைக்குச் செல்லும் மாணவர் ஒருவரின் கண்ணில் முதற்கண் படுவன இரண்டு எண்கள். ஒன்று விலை; மற்றொன்று இத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று குறிக்கும் எண். இப்பின்னைய எண்ணே கணினியின் வேகம் என்றும், எண் பெரிதாயின் வேகமும் பெரிதாம் என்றும் பலர் கருதுகின்றனர். இக்கருத்து முற்றும் பிழையன்று. எனினும், பாதி உண்மையை முழு உண்மையென நம்பிப் பொருளிழந்தோர் உலகில் மிகப் பலர். ஆகலின், அவ்வெண் யாது கூறுகின்றது, யாது கூறாது ஒழிகின்றது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இதனை எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு எம் விடுதியிற் புதிதாய்ச் சேர்ந்த மாணவன் ஒருவன் ஒரு மடிக்கணினியுடன் வந்தான். அவன் தந்தையார் சிறு குடியானவர். நான்கு ஆடுகளை விற்றுக் கிடைத்த பொருளைக் கொண்டு அதனை வாங்கித் தந்தவர். கடையில் அவர்கட்கு இரண்டு கணினிகள் காட்டப்பெற்றன. ஒன்றன் சீட்டில் 1.3 கிகாஹெர்ட்ஸ் என்றும், மற்றொன்றன் சீட்டில் 2.8 கிகாஹெர்ட்ஸ் என்றும் எழுதியிருந்தது. 2.8 என்று குறித்திருந்ததற்கு விலையும் குறைவு. வேகம் இரு மடங்கு, விலையும் குறைவு எனின், வேறு யோசனை எதற்கு? தந்தையும் மகனும் மகிழ்ச்சியுடன் அதனையே வாங்கி வந்தனர்.

ஒரு திங்கள் கழிந்தபின் அவன் என் அறைக்கு வந்து, "அண்ணா, ஒரு கடிதம் எழுதத் தொடங்கினாலே இது திணறுகின்றது. வேகம் குறைந்ததென்று நாங்கள் ஒதுக்கிய அதே கணினியை என் வகுப்புத் தோழன் வைத்திருக்கின்றான். அதுவோ எதனைக் கேட்டாலும் உடனே செய்கின்றது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா?" என்று வினவினான். அவன் முகத்தில் இருந்த வருத்தம் கணினியைப் பற்றியது மாத்திரம் அன்று. ஆடுகளைப் பற்றியதும் ஆம். சீட்டுகளில் எழுதியிருந்தவை இரண்டும் மெய்யான எண்களே. ஆயினும், அவை ஒரே பொருளைக் குறித்த எண்கள் அல்ல. இதனை அவனுக்கு விளக்கிக் கூறியவாறே இங்கும் கூறுகின்றேன்.

கணினியினுள் அமர்ந்து கணக்கிடும் சில்லுக்குப் பிராசஸர் என்று பெயர். அது தன் வேலைகளை ஒரு தாளத்திற்கு இயையவே செய்யும். குவார்ட்ஸ் என்னும் படிகம் ஒன்றின் அதிர்வினின்றும் பிறக்கும் மின்துடிப்பைப் பன்மடங்காக்கி அத்தாளம் அமைக்கப்படுகின்றது. விநாடிக்கு ஒரு துடிப்பு நிகழுமாயின் அஃது ஒரு ஹெர்ட்ஸ். மின்காந்த அலைகள் உண்மையில் உள்ளன என்பதை 1887, 1888ஆம் ஆண்டுகளிற் செய்த சோதனைகளால் மெய்ப்பித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் பெயரே இவ்வளவைக்கு இடப்பட்டது. கிகா என்பது நூறு கோடி. எனவே, 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 300 கோடித் துடிப்புகள் என்பது பொருள். ஒரு விநாடியில் ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லவல்ல ஒளியும், அத்தகைய துடிப்பு ஒன்றன் காலத்திற்குள் பத்துச் சென்டிமீட்டர் தூரமே செல்லும்.

இத்துடிப்பின் வரலாறு வியக்கத்தக்கது. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அது விநாடிக்கு ஏழு லட்சத்துச் சொச்சம் துடிப்புகளுடன் இயங்கிற்று. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் பெயர்பெற்ற கணினி 4.77 மெகாஹெர்ட்ஸ், அஃதாவது 47 லட்சத்து 70 ஆயிரம் துடிப்புகளுடன் ஓடிற்று. 1993இல் வந்த முதற் பென்டியம் சில்லுகளின் வேகம் 60, 66 மெகாஹெர்ட்ஸ். 2000ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஏ.எம்.டி. நிறுவனமும், அதனைத் தொடர்ந்து சில நாட்களுக்குள்ளேயே இன்டெலும் ஒரு கிகாஹெர்ட்ஸ் என்னும் எல்லையை எட்டின. அக்காலத்திலேதான் பெரிய எண்ணே சிறந்த கணினி என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றியது.

ஆனால், துடிப்பின் எண்ணிக்கை வேறு. செய்து முடிக்கும் வேலையின் அளவு வேறு. கிணற்றில் ஏற்றம் இறைக்கும் இருவரை நினைமின். ஒருவன் இருபது லிட்டர் கொள்ளும் சிறு சாலைக் கொண்டு நிமிடத்திற்கு ஆறு முறை இறைக்கின்றான். மற்றவன் அறுபது லிட்டர் கொள்ளும் பெருஞ்சாலைக் கொண்டு மூன்று முறையே இறைக்கின்றான். முன்னவனுடைய கை விரைவாய் ஓடுகின்றது. எனினும், வாய்க்காலிற் பாய்ந்த நீர் 120 லிட்டரே. பின்னவன் பாய்ச்சியதோ 180 லிட்டர். பயிருக்கு வேண்டுவது நீரே அன்றி, கையின் ஓட்டம் அன்று. கிகாஹெர்ட்ஸ் என்பது கையின் ஓட்டம். ஒவ்வொரு துடிப்பிலும் பிராசஸர் எத்தனைக் கட்டளைகளை முடிக்கின்றது என்பது சாலின் அளவு. இரண்டையும் பெருக்கினாலன்றி உண்மை வேகம் புலப்படாது. சீட்டில் எழுதப்படுவதோ கையின் ஓட்டம் மாத்திரமே.

இதற்குச் சிறந்த சான்று ஒன்றுண்டு. 2000ஆம் ஆண்டு நவம்பரில் இன்டெல் நிறுவனத்தார் பென்டியம் 4 என்னும் பிராசஸரை வெளியிட்டனர். துடிப்பின் எண்ணிக்கையை உயர்த்தும் நோக்கத்தால், ஒவ்வொரு கட்டளையையும் இருபது சிறு படிகளாகப் பிரித்து, ஒரு படிக்கு ஒரு துடிப்பு என்னும் முறையில் அதனை அமைத்தனர். படி சிறிதாகவே துடிப்பு விரைந்தது. ஆயினும், அடுத்து வரும் கட்டளை இதுவாகலாம் என்று பிராசஸர் முன்கூட்டி ஊகித்தே வரிசையை நிரப்புகின்றது; ஊகம் தவறின், வரிசையில் நின்ற அரைகுறை வேலைகள் யாவும் வீணாகும். வரிசை நீளுந்தோறும் வீணாவதும் மிகும். இதனால், குறைந்த துடிப்புடைய பிற சில்லுகள் பல வேலைகளில் இதனோடு ஒப்ப நின்றன. சிலவற்றில் முந்தவும் செய்தன. 2001இல் ஏ.எம்.டி. நிறுவனத்தார் தம்முடைய அத்லான் எக்ஸ்.பி. சில்லுகளுக்குத் துடிப்பின் எண்ணைப் பெயராக இடுவதை விடுத்தனர், 1.53 கிகாஹெர்ட்ஸ் வேகமுடைய ஒன்றை 1800+ என்று அழைத்தனர். 2003இல் மடிக்கணினிகளுக்கென்றே இன்டெல் வெளியிட்ட பென்டியம் எம் என்னும் சில்லோ, 1.6 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே அதனினும் மிக்க துடிப்புடைய பென்டியம் 4 சில்லுகளுக்கு நிகராய் உழைத்தது. ஒரே நிறுவனத்தின் சிறிய எண், அந்நிறுவனத்தின் பெரிய எண்ணுக்கு ஈடாயிற்று.

துடிப்பை மேன்மேலும் உயர்த்திக்கொண்டே செல்லலாகாதோ எனின், வெப்பம் என்னும் பெருந்தடை குறுக்கே நிற்கின்றது. ஒரு சில்லு உண்ணும் மின்சக்தி, துடிப்பின் எண்ணிக்கைக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்ப வளரும். துடிப்பை உயர்த்த அழுத்தத்தையும் உயர்த்த நேரிடுகின்றது. இரண்டையும் பத்து விழுக்காடு உயர்த்தினால், வேகம் பத்து விழுக்காடே மிகும். செலவாகும் மின்சக்தியும் பிறக்கும் வெப்பமுமோ ஏறத்தாழ 33 விழுக்காடு மிகும். 2004ஆம் ஆண்டில் பென்டியம் 4 சில்லுகள் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை உயர்ந்தன. 4 கிகாஹெர்ட்ஸ் சில்லை வெளியிடும் கருத்தை அவ்வாண்டு அக்டோபரில் இன்டெல் கைவிட்டது. அதன்பின், ஒரு மாட்டை விரட்டி ஓட்டுவதினும் இரு மாடு பூட்டுவதே நலம் என்று கண்டு, ஒரே சில்லில் இரண்டு, நான்கு, எட்டு எனக் கணக்கிடும் கருக்களை அமைக்கத் தொடங்கினர். இக்கருக்களையே கோர் என்கின்றனர்.

கோர்கள் மிகுந்தால் வேகமும் அத்தனை மடங்கு மிகுமோ எனின், அன்று. ஜீன் ஆம்டால் என்னும் அறிஞர் 1967ஆம் ஆண்டிலேயே இதனைத் தெளிவுபடுத்தினார். பத்து நிமிட வேலை ஒன்றில் ஆறு நிமிடப் பகுதி பகிர்ந்து செய்யத்தக்கது, நான்கு நிமிடப் பகுதி ஒருவரே செய்யவேண்டுவது என்று கொள்வோம். நால்வர் கூடினால், ஆறு நிமிடம் ஒன்றரை நிமிடமாகக் குறுகும். மொத்தம் ஐந்தரை நிமிடம் ஆகும். நூறு பேர் கூடினும் நான்கு நிமிடத்தின் கீழ் இறங்குதல் இயலாது. கட்டுரை எழுதுதல், இணையப் பக்கம் ஒன்றைத் திறத்தல் முதலான அன்றாட வேலைகளில் பகிரவியலாத பகுதியே மிகுதி. ஆகவே, நம் போன்றோருக்கு ஒவ்வொரு கோரின் தனி ஆற்றலே முதன்மையானது. இரண்டு கோர்கள் மட்டும் உடையது இந்நாளில் போதாது. நான்கேனும் இருத்தல் வேண்டும். ஆறோ எட்டோ இருப்பின் பல வேலைகளை ஒருங்கே செய்வார்க்கு உதவும். காணொளிகளைத் தொகுத்தல், பெருங்கணக்குகளை ஓட்டுதல் ஆகியவற்றைச் செய்வார்க்கே அதனினும் மிக்கவை வேண்டப்படுவன.

இனி, அத்தம்பியை மயக்கிய எண்களுக்கு வருவோம். இக்காலப் பிராசஸர் ஒவ்வொன்றற்கும் இரு வேகங்கள் உண்டு. ஒன்று, குறித்த மின்சக்திக்குள் நெடுநேரம் தொடர்ந்து உழைக்கத்தக்க அடிப்படை வேகம். மற்றொன்று, குளிர்ச்சி உள்ளவரை சிறிது நேரம் பாய்ந்தோடத்தக்க உச்ச வேகம். எடுத்துக்காட்டாக, 2022ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-1235யூ என்னும் பிராசஸரை எடுத்துக்கொள்வோம். அதில் ஆற்றல் மிக்க கோர்கள் இரண்டும், சிக்கனமான கோர்கள் எட்டும் ஆகப் பத்துக் கோர்கள் உள்ளன. ஆற்றல் மிக்கவற்றின் அடிப்படை வேகம் 1.3 கிகாஹெர்ட்ஸ்; உச்ச வேகமோ 4.4 கிகாஹெர்ட்ஸ். ஒரு சீட்டில் 1.3 என்று எழுதினும் மெய், 4.4 என்று எழுதினும் மெய். அக்கடையில் ஒரு சீட்டில் அடிப்படை வேகத்தையும், மற்றொரு சீட்டில் உச்ச வேகத்தையும் எழுதியிருந்தனர். ஒருவன் நடக்கும் வேகத்தையும் மற்றொருவன் ஓடும் வேகத்தையும் வைத்து ஒப்பிட்டது போலாயிற்று.

உச்ச வேகம் எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பதும் வினவத்தக்கதே. அது பிராசஸரை மாத்திரம் பொறுத்ததன்று. கணினியின் உடலமைப்பையும் பொறுத்தது. மெல்லிய உடலும் சிறு விசிறியும் உடைய கணினியில் வெப்பம் வெளியேற வழி குறைவு. வெப்பம் மிக்கதும் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தானே வேகத்தைத் தணிக்கும். உச்சிவெயிலில் மாடு தளர்தலை ஒக்கும் இது. ஒரே பிராசஸர் உடைய இரண்டு கணினிகளில் ஒன்று விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் இயங்குதற்கு இதுவும் ஒரு காரணம். மெத்தையின்மேல் வைத்துக் கணினியை இயக்கி, காற்றுப் புகும் துளைகளை அடைத்துவிடும் மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக.

பெயர்களைக் கண்டு மயங்குதலும் தவிர்க்கத்தக்கது. ஐ5 என்றோ ரைசன் 5 என்றோ இருப்பன யாவும் ஒருதன்மைய அல்ல. பத்தாண்டிற்கு முற்பட்ட ஐ7 ஒன்று, அண்மையில் வந்த ஐ3 ஒன்றிற்குப் பின்னிடுதல் உண்டு. பெயரின் இறுதியில் யூ என்னும் எழுத்து இருப்பின் மின்சக்தியைச் சிக்கனமாய்க் கொள்வது என்றும், எச் என்னும் எழுத்து இருப்பின் மிக்க மின்சக்தி கொண்டு மிக்க வேலை செய்வது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ என்னும் இரண்டையும் நோக்குக. பெயரில் ஓர் இலக்கமே வேற்றுமை. உச்ச வேகமும் முறையே 4.3, 4.5 கிகாஹெர்ட்ஸ் என அண்மித்தே நிற்கின்றது. ஆனால், முன்னதில் உள்ளவை 2019இல் அறிமுகமான அமைப்பின் நான்கு கோர்கள். பின்னதில் உள்ளவை அதற்கு அடுத்து 2020இல் வந்த அமைப்பின் ஆறு கோர்கள். கிகாஹெர்ட்ஸை மட்டும் நோக்குவார்க்கு இவ்வேற்றுமை புலப்படாது. ஆதலின், பிராசஸரின் முழுப் பெயரையும் குறித்துக்கொண்டு, கீக்பெஞ்ச், சினிபெஞ்ச் முதலிய அளவைகளில் அது பெற்ற மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்த்தலே நேரிய வழி. அங்கும் ஒரு கோருக்குரிய மதிப்பெண்ணை முதலில் நோக்குக. அன்றாட வேலைக்குப் பெரிதும் உதவுவது அதுவே.

இவையனைத்தும் பிராசஸரைப் பற்றியன. ஆனால், கணினி மெதுவாக இயங்குதற்குக் காரணம் பெரும்பாலும் பிராசஸர் உழைக்காமை அன்று. அது காத்துக் கிடத்தலே ஆகும். பிராசஸருக்கு வேண்டிய தரவுகள் அதன் உள்ளே கேஷ் என்னும் சிறு நினைவகத்தில் இருப்பின் சில துடிப்புகளிற் கிடைக்கும். ரேம் என்னும் நினைவகத்தினின்று பெறுதற்கு நூற்றுக்கணக்கான துடிப்புகள் ஆகலாம். பழைய முறையில் சுழலும் ஹார்ட் டிஸ்கினின்று பெறுவதாயின், விநாடியில் நூற்றில் ஒரு பங்கு காலம் செல்லலாம். நூற்றில் ஒரு பங்கு விநாடி நமக்குப் பொருட்டன்று. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கோ அது மூன்று கோடித் துடிப்புகள்! சமையற்காரர் எத்துணைக் கைவிரைவு உடையவராயினும், அரிசி அடுத்த ஊர்ச் சந்தையினின்று வரவேண்டுமாயின் பந்தியில் அமர்ந்தோர் பசித்தே இருப்பர்.

ரேம் போதாதபோது நிகழ்வதும் இதுவே. திறந்துவைத்த வேலைகளுக்கு இடம் இல்லாமற் போகவே, கணினி சிலவற்றை டிஸ்கிற்கு அனுப்புவதும் மீண்டும் கொணர்வதுமாகத் தத்தளிக்கின்றது. 4 ஜி.பி. ரேம் இந்நாளில் குறுகிய அறை, 8 ஜி.பி. அளவானது, பொருள் இடங்கொடுப்பின் 16 ஜி.பி. நெடுநாள் உதவும். சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. வகையினதாய் இருத்தல் இன்றியமையாதது. ரேமைப் பின்னர்க் கூட்டிக்கொள்ள இயலுமா, அன்றிப் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா என்பதனையும் கேட்டு அறிதல் வேண்டும். பற்றவைக்கப்பட்டதாயின், வாங்கிய அன்று உள்ளதே என்றும் உள்ளது.

பழைய மடிக்கணினி வாங்குவார் மற்றொன்றையும் நோக்குதல் நலம். 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, குறைந்தது 1 கிகாஹெர்ட்ஸ் வேகமும் இரண்டு கோர்களும், 4 ஜி.பி. ரேமும், 64 ஜி.பி. சேமிப்பிடமும் வேண்டும் என்கின்றது. ஆயினும், இவை யாவும் இருந்தும், ஏற்கப்பட்ட பிராசஸர்களின் பட்டியலில் இல்லாதவற்றை அது முறைப்படி ஏற்பதில்லை. இன்டெல் பிராசஸர்களுள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டனவுமே அப்பட்டியலில் இடம்பெற்றன. விண்டோஸ் 10க்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. ஆதலால், மலிவு என்று கருதி மிகப் பழையதை வாங்குதல் தகாது.

முன்னரே கணினி உடையோர், அது மெதுவாய் இயங்கின், உடனே புதியது வாங்க எண்ண வேண்டா. விண்டோஸ் கணினியாயின், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பகுதி தோன்றும். கணினி திணறும் வேளையில் அதில் நினைவகம் நிறைந்து நின்றால் குறை ரேமில் உள்ளது; டிஸ்க் நூறு விழுக்காட்டில் நின்றால் குறை சேமிப்பகத்தில் உள்ளது; பிராசஸரே நூறு விழுக்காட்டில் நின்றால்தான் குறை அதனிடம் உள்ளது. முதல் இரண்டையும் பல கணினிகளிற் சிறு செலவில் நீக்கிக்கொள்ளலாம். நோயறியாது மருந்துண்பது போலக் குறையறியாது பொருள் செலவிடல் அறிவுடைமை ஆகாது.

அத்தம்பியின் கணினியை நாங்கள் இருவரும் இவ்வாறே ஆராய்ந்தோம். கோர்கள் இரண்டே; ரேம் 4 ஜி.பி.; அதுவும் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. 2.8 என்பது அதன் உச்ச வேகம். அதன் அடிப்படை வேகமோ அதிற் பாதியும் இல்லை. கணினி தொடங்கும்போதே தாமாக ஓடத் தொடங்கும் தேவையற்ற செயலிகளை நிறுத்தினோம். சிறிது இலகுவாயிற்று, அதனினும் மிகுதியாகச் செய்ய வழியில்லை. கட்டுரை எழுதுதற்கு அது போதும் என்று அவன் அமைதி கொண்டான். கணக்கு வேலைகளைக் கல்லூரிக் கணினிக் கூடத்தில் மாலையில் அமர்ந்து முடிக்கின்றான்.

இவ்வாண்டு அவன் தங்கையும் கல்லூரியிற் சேர்ந்தாள். அவளுக்குக் கணினி வாங்கச் சென்றபோது, கடையில் அவன் தந்தையார் முன்போலவே, "எந்த எண் பெரிது?" என்று கேட்டாராம். மகன் அவரைப் பக்கத்தில் அமர்த்திவிட்டு, ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பிராசஸரின் முழுப் பெயர் யாது, குறித்த வேகம் அடிப்படையா உச்சமா, கோர்கள் எத்தனை, ரேம் எவ்வளவு, அது கூட்டத்தக்கதா, சேமிப்பகம் எவ்வகையினது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டான். அன்று வாங்காது திரும்பி வந்து, மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்த்து, மறுநாள் சென்று வாங்கினான். அவன் வாங்கியது கடையில் இருந்தவற்றுள் பெரிய எண் உடையதும் அன்று, விலை மிக்கதும் அன்று.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பலருக்கு மடிக்கணினி என்பது பெற்றோரின் ஓராண்டுச் சேமிப்பு. அதனைச் செலவிடுமுன் ஒரு மாலைப் பொழுது ஆராய்ச்சிக்குச் செலவிடுதல் மிகை ஆகாது. கிகாஹெர்ட்ஸ் என்னும் எண்ணை வெறுக்க வேண்டுவதில்லை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, ஒரே தலைமுறைப் பிராசஸர்கள் இரண்டை ஒப்பிடும்போது அது நன்கு பயன்படும். ஆனால், கை எத்தனை முறை இறைக்கின்றது என்று எண்ணுவதோடு நில்லாது, சாலின் அளவையும், மாடுகளின் தொகையையும், வாய்க்காலின் அகலத்தையும் சேர்த்து நோக்குமின். வயலுக்கு வந்து சேரும் நீரே கணக்கு.